காரணம் எழுதும் கட்டம்

நவம்பர் 9, சனி

இன்று பெரம்பலூரில் வகுப்பு ஆரம்பம். பெண் விவசாயிகளுக்கான தொழில் மேலாண்மைப் பயிற்சி. பத்து சனிக்கிழமைகள். பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரே சிரிப்பு. வீட்டில் என்றால் என் வீட்டுக்காரர் மட்டும்தான். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். "வெங்காயம் நடுறதுக்கு மேலாண்மை எதுக்கு தையலு?" என்றார். சோற்றுப் பானையைக் காட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

இருபத்திரண்டு பெண்கள். சொல்லித்தருகிற ஜெசிந்தா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்க பண்ணைக்கு மேலாளர் யாருன்னு பேர் எழுதுங்கக்கா" என்றார். இருபத்திரண்டு பேரும் புருசன் பெயரை எழுதினோம். ஒருத்திக்குப் புருசன் செத்து ஆறு வருசம். அவளும் செத்தவர் பெயரைத்தான் எழுதியிருந்தாள்.

அடுத்த தாளில் பதினான்கு கேள்விகள். எப்போது நடுவது, எந்த மருந்து, யாரை வேலைக்குக் கூப்பிடுவது, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறீர்கள் என்று. பதிமூன்றுக்கு என் பெயர் வந்தது. பதினான்காவது, வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. அது அவர்.

இந்த நோட்டையும் மேடம்தான் கொடுத்தார். தினமும் எழுத வேண்டுமாம். "அழகா எழுத வேணாம், உண்மையா எழுதுங்க போதும்" என்றார். நான் பிளஸ் டூ படித்தவள். உண்மையை எழுதுவதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

நவம்பர் 10, ஞாயிறு

சிவப்பு மாடு இன்றும் பாலை அடக்கிக்கொண்டது. வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, சனி

இரண்டாவது வகுப்பு. வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்கள். வயலில் ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதில் நேரம் எங்கே போகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தாள். அதில் கட்டங்கள்: பெயர், நின்ற நேரம், திரும்பி வந்த நேரம், எத்தனை தடவை, காரணம்.

நான் களையெடுப்பை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. நாங்கள் ஆறு பெண்கள் மாத்தாள் வைத்திருக்கிறோம். இன்று என் காட்டில் ஆறு பேரும், நாளை அவள் காட்டில் ஆறு பேரும். களை, அறுப்பு எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. இருபத்தைந்து வருசமாக இந்தக் கூட்டம் உடையவில்லை என்றால் அதற்குப் பூங்காவனம்தான் காரணம். நானும் அவளும் ஒரே வாரத்தில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தோம். யாருக்காவது யாரோடாவது மனத்தாங்கல் என்றால் அவள் நடுவில் போய் நிற்பாள். பாத்தியில் எப்போதும் முதல் ஆள். அவள் புருசன் இறந்தபோதுகூட, பதினேழாம் நாள் எங்களுக்கு முன்னால் காட்டில் நின்றாள்.

நான் மேற்பார்வை செய்வதில் கெட்டிக்காரி. இது சுலபமாக முடிந்துவிடும்.

நவம்பர் 18, திங்கள்

காலை ஏழு மணிக்கு இரண்டாம் களை. என் போனை அவர் எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போய்விட்டார். பூங்காவனத்திடம் அவள் போனைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தாள். அதில் மணி பார்த்து, மடியில் செருகியிருந்த தாளில் யாருக்கும் தெரியாமல் எழுதினேன்.

மேடம் சொன்னது சரிதான். நேரம் எங்கெங்கோ போகிறது. செங்காக்காவுக்கு வெற்றிலை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கதையோடு. மற்ற மூன்று பேரும் அந்தக் கதையைக் கேட்கக் களைக்கொத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது பூங்காவனம்தான். மத்தியானம் ஒரு மணி ஆவதற்குள் எட்டுத் தடவை எழுந்து போனாள். நாற்பது நிமிசத்துக்கு ஒரு தடவை, வாய்க்கால் ஓரத்து முள்ளுப் புதருக்குப் பின்னால். திரும்பி வந்தாலும் உடனே குனிவதில்லை. வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள். கேட்டால் வெயில் என்கிறாள். இன்று காலையிலிருந்து மேகமூட்டம். போன வருசம் எனக்கு இரண்டு பாத்தி முன்னால் போனவள் இன்று மூன்று பாத்தி பின்னால். கொஞ்ச நாளாகவே எப்போதும் ஒரே கருநீலச் சேலை வேறு. நல்ல சேலையை எல்லாம் பெட்டியில் பூட்டி வைத்து என்ன செய்யப்போகிறாளோ.

காரணம் என்ற கட்டத்தில் செங்காக்காவுக்கு 'வெற்றிலை' என்று எழுதினேன். பூங்காவனத்துக்கு 'சோம்பல்'.

அவள் போனில் நேரம் பார்த்து அவளையே அளந்தோமே என்று போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நிமிசம் சங்கடமாக இருந்தது. படிப்பு என்றால் அப்படித்தான்.

நவம்பர் 23, சனி

என் தாளைத்தான் மேடம் முதலில் எடுத்தார். பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் பெயர்களோடு, சிவப்பு மையில் கட்டம் போட்டு அழகாக எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நாலைந்து பேர் போனில் படம் எடுத்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

பால் சொசைட்டியில் மானம் போனது.

படம் எடுத்தவர்களில் ஒருத்தி செங்காக்காவின் மருமகளுக்குச் சொந்தமாம். படம் ஊருக்குள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. செங்காக்கா பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மருமகளை விட்டு எல்லோர் முன்னாலும் வாசிக்க வைத்தது.

"வெத்தலை மூணு தடவையாம்! ஏண்டி தையலு, நான் துப்புனதயும் எண்ணுனியா?"

"அக்கா, அது வகுப்புக்கு..."

"ஒங்கிட்ட கூலி வாங்குறோமா? மாத்தாளுக்கு வந்தவளுவள கங்காணி மாதிரி ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கியே. இதத்தான் சொல்லிக் குடுக்குறாளுவளா?"

அந்தப் பெண் அடுத்த வரியையும் வாசித்துவிட்டது. பூங்காவனம், எட்டுத் தடவை, சோம்பல்.

பூங்காவனம் அங்கேதான் நின்றாள். பாலை ஊற்றினாள், சீட்டை வாங்கினாள், போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 26, செவ்வாய்

அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் பொய் எழுதவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

கார்த்திகை வெள்ளி. மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டேன். பூங்காவனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நான்கு வாரமாகவே அவள் கோயில் பக்கம் வரவில்லை. சண்டைக்கு முன்னாலேயே. என்மேல் அப்போதே ஏதோ கோபம் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

கடைசிக் களை. ஐந்து பேரில் ஒருத்தியும் வரவில்லை. நானும் அவரும் மட்டும். அவருக்குக் களைக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது பதினோரு மணிக்கு மேல்தான். இன்னும் பத்து நாளில் வெங்காயம் பிடுங்க வேண்டும். ஈரத்தில் விட்டால் காயோடு அழுகிவிடும். இரண்டு பேரால் ஆகிற வேலை இல்லை.

"போய் ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சுபுடுவே?" என்றார்.

நான் எதற்குக் கேட்க வேண்டும்?

டிசம்பர் 5, வியாழன்

இரண்டு தடவை பூங்காவனம் வீட்டு வழியாகப் போனேன். அந்தப் பக்கம் வேலை இருந்தது.

டிசம்பர் 7, சனி

இதைச் சாயங்காலமே உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு விட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

வகுப்பு முடிந்து மேடத்திடம் தனியாகப் போய், உங்கள் பாடத்தால் என் கூட்டமே உடைந்துவிட்டது என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "பேரோட ஒட்டச் சொன்னது என் தப்புக்கா. அவங்களைக் கேக்கணும்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு சுவரில் இருந்த அட்டை முன்னால் போய் நின்றார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தப் பூங்காவனம் அக்கா... வேலைக்குச் சலிச்சவங்க மனசு போனப்போ எந்திரிப்பாங்க. இவங்க நாப்பது நிமிசத்துக்கு ஒருக்கா, தவறாம போயிருக்காங்க. காரணம் சோம்பல்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முள்ளுப் புதர், கருநீலச் சேலை, வரப்பில் உட்கார்ந்து தண்ணீர், கோயிலுக்கு வராதது. மாதவிலக்காகித் தூரமான பெண் கோயிலுக்குப் போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? நாலு வாரம் தொடர்ந்து போகாதவளுக்கு என்ன என்று நான் ஏன் நினைத்துப் பார்க்கவில்லை? பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தினி மாசமா போவுது?" என்று கேட்டேன்.

உரிப்பதை நிறுத்தவில்லை. "என்னாது?"

"என்னான்னு ஒனக்குத் தெரியும்."

இன்னும் இரண்டு மொச்சையை உரித்துப் போட்டாள். அப்புறம், "ஆடியிலேர்ந்து" என்றாள். "நின்னு நின்னு போவும். இப்ப ஒரு மாசத்துக்கு மேல நிக்கவே இல்ல."

"அஞ்சு மாசம்! யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"எங்காத்தாளுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுது தையலு. கர்ப்பப்பையில புத்து. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், நாலே மாசத்துல தூக்கிட்டு வந்தோம். நான் போனா நோவுக்குப் பேரு சொல்லிப்புடுவாங்க. மவளுக்குத் தையில பிரசவம். அவ பெத்துப் பொழைக்கிற வரைக்கும் அந்தப் பேரு இந்த வூட்டுக்குள்ள வரவேணாம்னு இருந்துட்டேன்."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தது வேறு மாதிரி வந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"சொல்ற மாதிரியா இருந்தே? வேலைன்னா நிமிர விடமாட்ட. சோம்பல்னு எழுதிட்டியேன்னு மனசு நொந்தேன்தான். ஆனா ஒருபக்கம் நிம்மதியாவும் இருந்துச்சு. அப்பாடா, இவளுக்கே தெரியலன்னு."

அந்த ஒரு வார்த்தை என்னை இன்னும் விடவில்லை. இனி எவர் பெயருக்கு நேராகவும், அவரைக் கேட்காமல் நான் காரணம் எழுதமாட்டேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு, வருகிறேன் என்று அவள் சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. வரிசையில் இரண்டரை மணி நேரம்.

டாக்டரம்மா, எவ்வளவு போகிறது, எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை துணி மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். பூங்காவனம் தரையைப் பார்த்துக்கொண்டு "கொஞ்சமாத்தான்" என்றாள். நான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ஏழு முப்பத்தெட்டு, எட்டு இருபது, ஒன்பது, ஒன்பது நாற்பத்திரண்டு என்று எட்டையும் வாசித்தேன். காரணம் என்ற கட்டத்தை ஏற்கெனவே கிழித்துவிட்டிருந்தேன். டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"இதை முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே" என்றார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டியது ஆறு புள்ளி ஒன்று. "இந்த உடம்போட காட்டுல குனிஞ்சு வேலை பாத்தீங்களா?" என்று கேட்டு அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். ஸ்கேனில் கட்டி தெரிகிறது. கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகுமாம். அது என்ன கட்டி என்று அப்போதுதான் தெரியும்.

டிசம்பர் 10, செவ்வாய்

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பதிலுக்கு ஒரு ஆள் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றதும் அவர் வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பிஸ்கட் தின்றுகொண்டே ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் செங்காக்கா ரசம் சோறு கொண்டுவந்தது. என்னோடு பேசவில்லை. பூங்காவனத்துக்கு ஊட்டிவிட்டுத் தூக்கை என் பக்கம் தள்ளியது. அதில் எனக்கும் சோறு இருந்தது. வாசல் வரை போய்த் திரும்பி நின்று, "வெங்காயம் எப்ப புடுங்குற?" என்றது.

"ஞாயித்துக்கெழமக்கா."

"வர்றோம். நோட்டுகீட்டுக் கொண்டாந்தே, ஒன்னயும் சேத்து வாய்க்கால்ல முக்கிப்புடுவேன்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் முறைக்கவும் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

தீபம். பூங்காவனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரையில் போக்கு குறைந்திருக்கிறது. அவள் வாசலில் நான் விளக்கு வைத்தேன். அவர் என் காலைப் பார்த்து, செருப்பு எங்கே என்று கேட்டார். வார் அறுந்துவிட்டது என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

நான்கு பேரும் வந்தார்கள். அவரும் சேர்ந்து ஆறு பேர். விடிந்ததும் ஆரம்பித்து நாலு மணிக்குக் கடைசிப் பாத்தியைப் பிடுங்கினோம். நல்ல காய், நல்ல நிறம். செங்காக்கா வெற்றிலை எத்தனை தடவை போட்டது என்று எனக்குத் தெரியாது. பூங்காவனம் வீட்டிலிருந்து மூன்று தடவை போன் செய்து, எங்கே வெங்காயத் தாளை அரிகிறீர்கள், எங்கே காய வைக்கிறீர்கள் என்று கேட்டாள். அவளிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்ததும் எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தோம். எல்லோர் மனசிலும் அந்தப் பேர்தான்.

டிசம்பர் 16, திங்கள்

அவர் வாரைத் தைத்து வாங்கிவந்தார். இப்போது செருப்பு கடிக்கிறது என்றேன். "சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டு வெறுங்காலா நடக்குறது நீ மட்டுமா, நானும் செருப்பக் கழட்டவா?" என்று கேட்டார். அவருக்கு எப்படித்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறதோ.

டிசம்பர் 18, புதன்

ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, பரிசோதனைப் பதில் இன்னும் வரவில்லை என்றார்கள். வெங்காயத்தைப் பிரித்துப்போட்டேன். மூன்று தடவை எண்ணியும் மூட்டைக் கணக்குத் தவறியது.

டிசம்பர் 20, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பதில் வந்திருக்கிறது, வரச் சொன்னார்கள். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். டாக்டரம்மாதான் சொல்லுவார் என்றாள் போனில் பேசிய பெண். நல்லதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்கள் என்று பூங்காவனம் பஸ்ஸில் சொன்னாள். நான் அதட்டினேன்.

டாக்டரம்மா தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சாதாரணக் கட்டிதாம்மா. புத்து இல்ல" என்றார்.

பூங்காவனத்துக்குக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். "இன்னொருக்கா சொல்லுங்கம்மா" என்றாள்.

"புத்துநோய் இல்ல. ரத்தம் ஏறட்டும். மாசியில ஆபரேஷன் பண்ணிக் கட்டிய எடுத்துடலாம். மக பிரசவத்த நீங்களே பக்கத்துல இருந்து பாக்கலாம். ஆனா தண்ணிக் கொடம் தூக்கக் கூடாது."

வெளியே வந்து மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு உடம்பில் இருந்த காற்றெல்லாம் இறங்கியதைப் போல இருந்தது. இத்தனை நாளும் நான் மூச்சே ஒழுங்காக விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படி ஒரு நிம்மதியை என் மகன் பிறந்த அன்றுதான் அனுபவித்திருக்கிறேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஆட்களைப் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதது நான்தான். எதிரே நின்ற ஒரு அம்மா, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என் தோளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனது.

செங்காக்காவுக்குப் போன் செய்தேன். "அப்புடியாடி? நெசமாவா? ஆத்தா மகமாயி!" என்று அது போட்ட சத்தத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பினார். உடனே, "சரி வையி, மத்தவளுவகிட்ட நான்தான் சொல்லுவேன்" என்று வைத்துவிட்டது.

ஓட்டலுக்குப் போனோம். பொங்கலும் இரண்டு வடையும் தின்றுவிட்டு, இன்னொரு வடை சொல் என்றாள். பாதி வடையில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"ஏ தையலு. இந்த வெங்காயத்துல வெதைக்கு எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல. எதுக்கு?"

"எனக்கு நாலு மூட்டை வேணும். சித்திரைப் பட்டத்துக்கு நடலாம்னு இருக்கேன். இருக்க மாட்டேன்னு நெனச்சுத்தான் இந்த வருசம் வெதையே எடுத்து வைக்காம இருந்துட்டேன்."

நாலு என்ன, பத்து மூட்டை எடுத்துக்கொள் என்று சொல்ல வந்தேன்.

"பொடிசாப் பாத்துக் குடுத்து ஏமாத்தாத" என்றாள் வடையை மென்றபடியே. "நானே வந்து பொறுக்குவேன். ஒன் சோலி எனக்குத் தெரியும்."

வரச் சொல்லியிருக்கிறேன். நாளை வகுப்பு முடிந்து வந்ததும் காயை நிழலில் பரப்பி வைக்க வேண்டும்.